கண்ணாடிக்கு எதிரே ஆறு வாரங்கள்: ஒரு தன்னுருவ ஓவியப் பயிற்சியின் மதிப்புரை

தன் முகத்தைத் தானே வரையக் கற்றுத்தரும் இணையவழிப் பயிற்சி ஒன்றை அண்மையில் முடித்தேன். மொத்தம் ஆறு வாரங்கள். வாரந்தோறும் இரண்டரை மணி நேர நேரலை வகுப்பு ஒன்று, முன்பே பதிவுசெய்த விரிவுரை ஒன்று, வீட்டுப்பாடம் ஒன்று. முதல் நான்கு வாரங்கள் ஓவியத்துக்கும் ஐந்தாவது வாரம் முகமூடி செய்வதற்கும் ஒதுக்கப்பட்டிருந்தன. கடைசி வாரத்தில் இரண்டையும் சேர்த்து ஒரு படத்தை முடிக்க வேண்டும். விளம்பரத்தில் "முகமூடியைக் கழற்றுங்கள், உண்மையான உங்களைச் சந்தியுங்கள்" என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். அந்த வாக்குறுதி நிறைவேறவில்லை. நிறைவேறக்கூடியது என்றும் எனக்குத் தோன்றவில்லை. ஆயினும் அதை மறந்துவிட்டு, கண்ணாடியையும் பென்சிலையும் காகிதக் கூழையும் வைத்துக்கொண்டு ஆசிரியர் கற்றுத்தந்ததை மட்டும் கணக்கில் எடுத்தால், இதைப்போல என்னை வேலை வாங்கிய வகுப்பு வேறொன்று இல்லை. நடத்தும் நிறுவனத்தின் பெயரை இங்கே தவிர்க்கிறேன். இதே அமைப்பில் பலரும் வகுப்பு நடத்துவதால், சேர எண்ணுபவர்கள் எதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்கு இந்தக் குறிப்புகள் உதவலாம்.

முதல் வகுப்பில் கண்ணாடிக்கு அனுமதி இல்லை. இருபது நிமிடங்களில் நினைவிலிருந்து உங்கள் முகத்தை வரையுங்கள் என்றார் ஆசிரியர். நாள்தோறும் பலமுறை பார்க்கும் முகந்தானே என்று அலட்சியமாகத் தொடங்கியவன், ஐந்தாவது நிமிடத்தில் என் காது எந்த இடத்தில் தொடங்குகிறது என்று தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தேன். முடிந்த படத்தில் இருந்தவருக்கு என்னைவிடப் பத்து வயது குறைவு. நெற்றிக்கு மேலே நான் இழந்துவிட்ட முடியெல்லாம் அவரிடம் பத்திரமாக இருந்தது. பங்கேற்ற பதினான்கு பேரில் பெரும்பாலோரின் படங்கள் இவ்வகையிலேயே இருந்தன. 2008-ல் நிக்கோலஸ் எப்லி, எரின் விட்சர்ச் ஆகிய இருவர் வெளியிட்ட ஆய்வு ஒன்றை ஆசிரியர் அப்போது குறிப்பிட்டார். ஒருவரது ஒளிப்படத்தைக் கணினியில் சிறிது அழகாக்கியும் சிறிது அழகு குறைத்தும் பல படிகளை உருவாக்கிக் காட்டியபோது, அழகாக்கப்பட்ட படியையே தம் உண்மை முகமென்று எடுத்துக்கொள்ளும் போக்கு மக்களிடம் காணப்பட்டது. இதைக் கேட்டுச் சிரித்துவிட்டு என் காகிதத்தைப் பார்த்தேன். பிறகு சிரிப்பு வரவில்லை.

அந்தப் படத்தில் இன்னொரு பிழையும் இருந்தது. கண்கள் மிக மேலே ஏறியிருந்தன. தலையின் உச்சிக்கும் மோவாய்க்கும் நடுவில்தான் கண்கள் இருக்கின்றன என்பதை அளந்து காட்டினால் ஒழிய யாரும் நம்புவதில்லை. கண், மூக்கு, வாய் ஆகியவற்றுக்கே நாம் முக்கியத்துவம் தருவதால் நெற்றியும் மண்டையும் மனத்தில் சுருங்கிவிடுகின்றன. புதிதாக வரையத் தொடங்குபவர்கள் எல்லோரும் செய்யும் தவறு இது. ஆனால் ஆசிரியர் இதைத் திருத்தவில்லை. "அடுத்த வாரம் வரை இந்தப் படம் இப்படியே இருக்கட்டும், இது உங்கள் மனம் உங்களுக்குப் போட்டுக்கொடுத்த வேடம்" என்றார். ஆறு வாரங்களில் அவர் சொன்னவற்றுள் விளம்பர வாசகத்துக்கு நேர் எதிரான முதல் வாசகம் அது. முகமூடி என்பது பிறருக்காக அணிவது என்று நினைத்திருந்தேன். பார்ப்பதற்கு யாரும் இல்லாத வெறுந்தாளிலும் அது வந்து உட்கார்ந்துகொள்ளும் என்பது புதிய செய்தி.

இரண்டாம் வாரம் கண்ணாடி வந்தது. சோப்புத் துண்டினால் கண்ணாடிப் பரப்பின் மீதே முகத்தின் வெளிக்கோட்டை வரையச் சொன்னார்கள். வரைந்துவிட்டு அளந்தால், அந்தக் கோடு உண்மையான முகத்தில் பாதி அளவுதான் இருக்கிறது. பின்னால் நகர்ந்து நின்று வரைந்தாலும் அதே பாதி. நமக்கும் நம் பிம்பத்துக்கும் சரியாக நடுவில் கண்ணாடி இருப்பதால் இப்படி நேர்கிறது. பள்ளிக்கூட வடிவியலே போதும், விளக்கிவிடலாம். ஆனாலும் வாழ்நாள் முழுவதும் பாதி அளவில் பார்த்துவந்த ஒன்றை முழு அளவென்று நம்பியிருந்தோம் என்பதைச் செரித்துக்கொள்ளச் சற்று நேரம் பிடித்தது.

அடுத்து இடவலம். கண்ணாடியில் தெரியும் முகமும் பிறர் காணும் முகமும் ஒன்றல்ல. 1977-ல் தியடோர் மீட்டாவும் உடனிருந்த இரு ஆய்வாளர்களும் மாணவியரின் ஒளிப்படங்களை நேராகவும் கண்ணாடிப் பிம்பம்போலத் திருப்பியும் அச்சிட்டுக் காட்டினார்கள். மாணவியர் பெரும்பாலும் திருப்பிய படத்தை விரும்பினார்கள். அவர்களுடைய தோழியரோ நேரான படத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அவரவருக்குப் பழகிய முகம் அவரவருக்குப் பிடித்திருக்கிறது. ஓவியர்களும் இந்தச் சிக்கலிலிருந்து தப்பவில்லை. 1889-ல் காதில் கட்டுடன் வான் கோ வரைந்த படங்களில் வலக்காது கட்டப்பட்டிருப்பதாகத் தெரிகிறது, அவர் வெட்டிக்கொண்டது இடக்காதை. கண்ணாடி காட்டியதை அவர் அப்படியே வைத்துவிட்டார். லண்டன் கென்வுட் மாளிகையில் உள்ள முதுமைக்காலப் படத்தில் ரெம்பிராண்ட் வேறு வழியில் போனார். கண்ணாடியில் கண்டபடி முதலில் தூரிகையை இடக்கையில் வரைந்து, பின்னர் அதை மாற்றினார் என்பது ஊடுகதிர்ப் படத்தில் தெரியவந்தது. ஒருவர் தாம் கண்டதை வைத்துக்கொண்டார்; மற்றவர் தம்மைப் பிறர் காணும்படி திருத்திக்கொண்டார். எது நேர்மை என்ற கேள்வியை ஆசிரியர் வகுப்பின் முன் வைத்துவிட்டுப் பேசாமல் இருந்தார். நல்ல ஆசிரியருக்கு அழகு அது.

இந்தப் பயிற்சிக்கான கட்டணம் முழுவதையும் மூன்றாம் வாரத்துக்கே கொடுத்துவிடலாம் என்பேன். வீட்டுப்பாடமாகச் செய்யச் சொன்னது மிக எளிது: கண்ணாடி முன் மூன்று மணி நேரம் உட்கார்ந்து, இருபது நிமிடத்துக்கு ஒருமுறை புதிய தாளில் முகத்தை வரைய வேண்டும். ஒன்பது படங்கள். முதல் இரண்டில், கண்ணாடி முன்னால் போய் நிற்கும்போது எல்லோரும் தம்மையறியாமல் அணிந்துகொள்ளும் அந்த முகம் இருந்தது. புருவம் ஒரு நூல் உயர்ந்து, உதடு சற்றே இறுகி, மோவாய் கொஞ்சம் நிமிர்ந்து, படம் பிடிக்கப்படுவதற்கு ஆயத்தமான முகம். நான்காவது படத்தில் அது களைத்துவிட்டது. தசைகள் ஓய்ந்து, வாயின் ஓரங்கள் இறங்கி, பார்வை மட்டும் கூர்மையாகி, கோபக்காரர் ஒருவர் வந்து உட்கார்ந்தார். நான் கோபமாக இருக்கவில்லை, கூர்ந்து பார்க்கும்போது என் முகம் அப்படி ஆகிறது. உடன் வேலை செய்பவர்கள் சிலர் என்னிடம் பேசத் தயங்குவதன் காரணம் அன்றுதான் விளங்கியது. ஏழாவது படத்தில் அந்தக் கோபக்காரரையும் காணவில்லை. அங்கே இருந்தது மூக்கு, கன்னம், நிழல், வெளிச்சம். யாருடையது என்று கேட்கத் தேவையில்லாத ஒரு பொருள். வரைந்தவற்றுள் சிறந்த கோடுகள் அந்தப் படத்தில்தான் விழுந்திருந்தன.

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்று நம்மிடம் ஒரு பழமொழி உண்டு. ஒன்பது தாள்களையும் சுவரில் ஒட்டிவைத்துப் பார்த்தபோது, எந்த முகத்தில் என்று கேட்கத் தோன்றியது. விளம்பரத்தின்படி பார்த்தால் கடைசிப் படம்தான் உண்மை, முதலாவது பொய். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நண்பர்களைக் கண்டதும் மலரும் முகமும், கண்ணாடிக்கு முன் விறைத்துக்கொள்ளும் முகமும், களைத்துத் தொங்கும் முகமும் என்னுடையவைதாம். லத்தீன் மொழியில் நாடக முகமூடியைக் குறித்த 'பெர்சோனா' என்ற சொல்லிலிருந்துதான் ஆளைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே பிறந்தது. நம் மொழியில் இந்த உறவு இன்னும் நெருக்கமானது. இன்சொல் கூறி வரவேற்பது முகமன், எதிரில் நின்று புகழ்வது முகஸ்துதி, ஒருவரை நேரில் பார்த்துவிட்டதால் மறுக்க முடியாமல் தவிப்பது முகதாட்சண்ணியம். முகத்தைக் கொண்டு நாம் பழகும் பழக்கங்களுக்கு இத்தனை பெயர் வைத்திருக்கும்போது, பழகாத முகம் ஒன்று எங்கேயோ தனியாக ஒளிந்திருக்கிறது என்று நம்புவது கடினம்.

விரிவுரைகளைப் பற்றி எனக்கு இரு வேறு கருத்துகள் உண்டு. தேர்ந்தெடுத்த படங்கள் சிறப்பானவை. பதின்மூன்று வயதில், 1484-ல், கண்ணாடியைப் பார்த்து வெள்ளிக் கம்பியின் முனையால் தன்னை வரைந்த ஜெர்மானிய ஓவியர் ட்யூரர், இருபத்தெட்டு வயதில், 1500-ல், கிறிஸ்துவின் படங்களுக்கே உரிய நேர்முகத் தோற்றத்தில் தன்னை நிறுத்திக்கொண்டது வரை ஒரே மூச்சில் காட்டினார்கள். இத்தாலிய ஓவியர் பார்மிஜியானினோ 1524 வாக்கில் குவியாடியில் கண்ட தன் பிம்பத்தை, கண்ணாடி போலவே புடைத்த மரப்பலகையில் வரைந்தார். முன்னால் நீண்டிருக்கும் கை முகத்தைவிடப் பெரிதாக வளைந்து கிடக்கிறது. 1899-ல் பெல்ஜிய ஓவியர் ஜேம்ஸ் என்சார் வரைந்த படத்தில் முகமூடிகளின் நெரிசலுக்கு நடுவே அவர் ஒருவர் மட்டும் வெறும் முகத்துடன் இருக்கிறார். முகமூடிகள் அவருக்குப் புதியவையல்ல, அவருடைய குடும்பம் நடத்திய கடையிலேயே அவை விற்பனைக்குத் தொங்கின. கூட்டத்தில் அவர் ஒருவரே உண்மையானவர் என்று விரிவுரையாளர் சொல்லிவிட்டுக் கடந்துபோனார். அவர் தலையில் இருக்கும், பூவும் இறகும் செருகிய தொப்பியைப் பார்த்திருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார். அதுவும் வேடந்தான். தன் முகத்தை மூடாமலே ஒருவர் வேடம் பூண முடியும் என்பதே அந்தப் படத்தின் குறும்பு.

ரெம்பிராண்ட் விஷயத்தில், வேடத்தைக் காணாமல் விட்டுவிடும் இந்தக் குறை பெரிதாகவே தெரிந்தது. ஏறத்தாழ 80 தன்னுருவங்களை அவர் விட்டுச்சென்றார். அவை அனைத்தையும் ஒரு நாட்குறிப்பின் பக்கங்கள் போல, இங்கே நம்பிக்கை, இங்கே துயரம், இங்கே சரணாகதி என்று வரிசையாக வாசித்துக்கொண்டே போனார்கள். 1630-ல் அவர் செய்த, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் அச்சோவியங்களில் வாயைப் பிளந்தும் கண்ணை உருட்டியும் பல்லைக் காட்டியும் நிற்கிறார். அப்போது அவருக்கு வயது இருபத்துநான்குக்கு மேல் இல்லை. அது ஒப்புதல் வாக்குமூலம் அன்று. வியப்பும் சினமும் முகத்தசையில் எப்படி விழுகின்றன என்று கற்றுக்கொள்ள, கூலி கேட்காத மாதிரியாகத் தன்னையே உட்கார்த்திக்கொண்டார். பழங்கால உடைகளிலும் கீழைநாட்டு உடையிலும் தோன்றும் படங்களோ வெளிப்படையான வேடங்கள்; அவற்றை விரும்பி வாங்குவோரும் அந்தக் காலத்தில் இருந்தார்கள். மாதிரிக்குப் பணம் கொடுக்க இயலாததால் வான் கோவும் பாரிஸில் இருந்த இரண்டு ஆண்டுகளில் தன் முகத்தையே திரும்பத் திரும்ப வரைந்தார். வறுமை, பயிற்சி, விற்பனை ஆகிய மூன்றையும் ஒதுக்கிவிட்டு ஆன்மாவை மட்டும் தேடினால் படத்தில் பாதி தெரியாமல் போகும். வேடத்தை மறைக்காமல் அதையே பொருளாக்கிய அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் சிண்டி ஷெர்மனுக்கு விரிவுரையில் நான்கே நிமிடங்கள் கிடைத்தன. 1977 முதல் 1980 வரை, எடுக்கப்படாத திரைப்படங்களின் காட்சிகள் போலத் தன்னையே வைத்து எடுத்த படங்களைத் தன்னுருவங்கள் என்றே அவர் கருதவில்லை. நான்கு வாரங்களாக எங்களை மிரட்டிக்கொண்டிருந்த கேள்விக்கு மிக நேரான விடை அந்த நான்கு நிமிடத்தில் இருந்தது.

ஒரு பகுதியை மட்டும் குறையின்றிப் பாராட்ட வேண்டும். 1995-ல் அல்சைமர் நோய் இருப்பதாகக் கண்டறியப்பட்ட வில்லியம் உட்டர்மோலன் என்ற ஓவியர், அதன் பிறகும் 2000 வரை தன்னை வரைந்துகொண்டிருந்தார். ஆண்டுக்கு ஆண்டு இடைவெளிகள் தட்டையாகி, உறுப்புகள் இடம் பெயர்ந்து, இறுதியில் பென்சிலால் தேய்த்த ஒரு தலை மட்டும் எஞ்சுகிறது. விரிவுரையாளர் இங்கே விளக்கம் எதுவும் சொல்லவில்லை. படங்களை ஆண்டு வரிசையில், ஒவ்வொன்றையும் ஒரு நிமிடம், ஓசையின்றிக் காட்டினார். முகமூடி, உண்மை என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை. கை நினைவில் வைத்திருந்ததை மனம் விட்டுக்கொண்டே போவதை நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கைப்பேசிக் காமிரா பற்றிய அரைமணி நேரப் பாடம் சுருக்கமானது, ஆனால் உடனே பயன்பட்டது. கை நீளத்தில் பிடித்து எடுக்கும் செல்ஃபியில் மூக்கு ஏன் பெரிதாகிறது என்பதற்கு 2018-ல் வெளியான கணிப்பு ஒன்றைக் காட்டினார்கள். 12 அங்குலத் தொலைவில் எடுத்த படத்தில் மூக்கின் அகலம், 5 அடி தள்ளி எடுத்ததைவிட ஏறக்குறைய 30 விழுக்காடு கூடுதலாகத் தெரிகிறது. செல்ஃபியைப் பார்த்து வரைந்துவந்த இளைஞர் ஒருவர் அன்றோடு கண்ணாடிக்கு மாறினார்.

இனி ஐந்தாம் வாரம். பிளாஸ்டர் கட்டுத்துணியை நனைத்து முகத்தின் மேல் அடுக்கி அச்செடுத்து, அதன் மீது காகிதக் கூழால் முகமூடி செய்ய வேண்டும். இதற்கான குறிப்பேடு பொறுப்பில்லாமல் எழுதப்பட்டிருந்தது. மூக்குத் துளைகளை மூடக்கூடாது என்று இருந்தது, நல்லது. ஆனால் புருவத்திலும் முடி தொடங்கும் இடத்திலும் வாசலின் கனமாகப் பூச வேண்டும் என்று இல்லை. பிளாஸ்டர் நீருடன் சேர்ந்து இறுகும்போது சூடாகும் என்பதையும், அதனால் துணியைத் தடிமனாக அடுக்கக் கூடாது என்பதையும் ஒரு வரியில்கூட எச்சரிக்கவில்லை. தனியாக இருக்கும்போது செய்ய வேண்டாம் என்ற அறிவுரையும் இல்லை. என் இடப்புருவத்தின் ஒரு பகுதி அச்சோடு போய்விட்டது. இறுதிப் படத்தில் அந்த வெற்றிடத்தையும் வரைந்து சேர்க்க நேர்ந்தது. புகார் எழுதினேன். இரண்டு நாள் கழித்து வருத்தம் தெரிவித்துப் பதில் வந்தது, குறிப்பேடு மட்டும் நான் கடைசியாகப் பார்த்தபோதும் மாறாமலே இருந்தது.

குறிப்பேட்டை மன்னித்துவிட்டால், முகமூடிப் பாடம் அருமையானது. முகபாவமே இல்லாத நடுநிலை முகமூடியைப் பற்றி முதலில் கற்றோம். 1956-ல் பாரிஸில் நாடகப் பள்ளி தொடங்கிய ஜாக் லெகாக் தன் மாணவர்களுக்கு அணிவித்த முகமூடி அது; இத்தாலியச் சிற்பி அம்லெட்டோ சார்த்தோரி அதைத் தோலில் செய்து கொடுத்தார். எங்களுடையது காகிதம்தான். அதை அணிந்துகொண்டு நாற்காலியிலிருந்து எழுந்து, கதவு வரை நடந்து, திரும்பி வர வேண்டும், அவ்வளவே. காணொளியில் என்னைப் பார்த்தபோது திகைத்துப் போனேன். சிரித்துச் சமாளிக்க வாய் இல்லை, புருவத்தை உயர்த்தி மன்னிப்புக் கேட்க வழியில்லை; தோள்கள் மட்டும் முன்னால் வளைந்து, யாரிடமோ அனுமதி கேட்பவை போல நகர்ந்துகொண்டிருந்தன. மறைத்த முகத்தைக் காட்டிலும் மறைக்காத முதுகு அதிகம் பேசியது. ஜப்பானிய நோ நாடக முகமூடிகளைப் பற்றிய ஒரு சோதனையும் செய்தோம். மரத்தில் செதுக்கிய அசையாத முகத்தை நடிகர் சிறிது மேல்நோக்கிச் சாய்த்தால் மலர்ச்சியும், கீழ்நோக்கிச் சாய்த்தால் வாட்டமும் தோன்றும். எங்கள் காகித முகங்களிலும் விளக்கை மேலே வைத்துச் சாய்த்தபோது ஓரளவுக்கு அது நடந்தது. நிழல் இடம் மாறியதுதான் காரணம் என்று தெரிந்த பின்னும், அது நம்மைப் பார்த்து முகம் வாடியதாகவே மனம் எடுத்துக்கொள்கிறது.

குழு விமர்சன நேரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முதல் சில வாரங்களில் முகதாட்சண்ணியம் மேலோங்கி, ஒருவர் படத்தை ஒருவர் பாராட்டியே பொழுது போயிற்று. ஆறாம் வாரத்தில் அது தலைகீழாகி, இறுதிப் படத்தைக் காட்டிவிட்டு வாழ்க்கையில் மறைத்துவைத்த ஒன்றைச் சொல்லுங்கள் என்று உதவியாளர் ஒருவர் எல்லோரையும் கேட்டார். ஒருவர் அழுதார். மற்றொருவர், எனக்கு உறுதியாகத் தெரியும், அழுகையை நடித்தார். இதற்குப் பயிற்சி பெற்ற மனநல ஆலோசகர் எவரும் அங்கு இல்லை. ஓவிய வகுப்பில் சேர்ந்தவரிடம் இதைக் கேட்கும் உரிமை யாருக்கும் இல்லை என்பது என் கருத்து. மறுத்தவர்களை வற்புறுத்தவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். நான் மறுத்தேன்.

சேவையைப் பொறுத்தவரை, நேரலை குறித்த நேரத்தில் தொடங்கியது, பதிவுகள் தெளிவாக இருந்தன. பொருள் பட்டியல் சிக்கனமானது. மென்கரி, இரண்டு வகைப் பென்சில், பிசையும் ரப்பர், நல்ல கண்ணாடி ஒன்று, அதற்கு மேல் எதையும் வாங்க வைக்கவில்லை. வீட்டுப்பாடத்தின் மீதான கருத்துகள் மட்டும் எப்போதும் தாமதம். மூன்றாம் வாரப் படங்களைப் பற்றி ஐந்தாம் வார இறுதியில் எழுதினார்கள், அதற்குள் கை வேறு பழக்கத்துக்குப் போயிருந்தது. எழுதியவை வந்தபோது மிக நுட்பமாக இருந்தன என்பதால் எரிச்சல் கூடியது. முன்பின் வரைந்தே பழகாதவர்கள் முதல் வாரத்திலேயே திணறுவார்கள், அடிப்படைப் பயிற்சி சில மாதங்களாவது இருப்பது நல்லது. தன்னைத் தேடித் துயரத்தோடு வருபவர்களுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். முகம் என்ற பொருளைப் பொறுமையாக உற்றுப்பார்க்க விரும்புபவர்கள் தயங்காமல் சேரலாம்.

என் இறுதிப் படத்தில் முகமூடியைக் கையில் பிடித்திருக்கிறேன். அதை அணியப் போகிறேனா, கழற்றிவிட்டேனா என்று படத்தைப் பார்ப்பவருக்குத் தெரியாது. வரைந்தபோது எனக்கும் தெரியாது, விரல்களைச் சரியாக வரைவதே பெரும்பாடாக இருந்தது. இடப்புருவத்தில் வெற்றிடம் அப்படியே இருக்கிறது. பயிற்சி முடிந்ததும் கருத்துப் படிவம் ஒன்று அனுப்பினார்கள். "உங்கள் உண்மையான முகத்தைக் கண்டடைந்தீர்களா?" என்ற கேள்விக்குக் கீழே ஆம், இல்லை என்று இரண்டே கட்டங்கள். இரண்டையும் விட்டுவிட்டு, கீழே இருந்த வெற்றிடத்தில் வாசலின் பற்றி மீண்டும் ஒருமுறை எழுதி அனுப்பினேன்.